பள்ளி மாணவர்களுடன் நேபாளத்துக்குச் சேவைப் பயணம்: பொறுப்பாசிரியருக்கு ஒரு வழிகாட்டி

தலைமையாசிரியர் உங்களைக் கூப்பிட்டு, "அடுத்த கோடை விடுமுறையில் பிள்ளைகளை நேபாளத்துக்குச் சேவைப் பயணம் அழைத்துப் போகிறோம், பொறுப்பு உங்களுடையது" என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்பும் நாள் வரை என்னென்ன செய்ய வேண்டும், எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறோம். தமிழ்நாட்டுப் பள்ளி, 9 முதல் 11ஆம் வகுப்பு வரை 20 மாணவர்கள், 3 ஆசிரியர்கள், 10 நாள் என்பது நம் கணக்கு. உங்கள் எண்ணிக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நேபாளத்துக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம், செலவும் குறைவு. அதனாலேயே பல பள்ளிகள் இரண்டு மாதத்துக்கு முன்னால் வேலையைத் தொடங்கி, விமான நிலையக் கவுண்டரில் நின்று தவிக்கின்றன. ஒன்பது மாதம் முன்னதாகவே தொடங்குங்கள். மே மாதப் பயணம் என்றால் முந்தைய ஆகஸ்ட்.

1. ஊரைத் தேடாதீர்கள், வேலையைத் தேடுங்கள் (9 மாதம் முன்)

பயண ஏஜென்சிகள் நீட்டும் அட்டவணையில் காலை சேவை, மாலை சுற்றுலா என்று எல்லாம் அழகாக இருக்கும். அதைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த ஊரில் யாருக்கு என்ன தேவை என்று அங்கிருக்கும் ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்தக் கடிதம் கிடைக்கும்வரை பெற்றோரிடம் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள்.

வரவேற்கும் அமைப்பிடம் தயங்காமல் இதைக் கேளுங்கள்: "நாங்கள் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள்?" 'உள்ளூர்ப் பெயிண்டர் ஒருவர் கூலிக்குச் செய்வார்' என்று பதில் வந்தால், அவருக்குக் கூலி கொடுத்து அவரையே மேஸ்திரியாக வையுங்கள், பிள்ளைகள் அவருக்குக் கீழே வேலை செய்யட்டும். 'யாரும் செய்யப் போவதில்லை, செய்யத் தேவையும் இல்லை' என்ற தொனியில் பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: என்ன வேலை, எத்தனை பேர், யார் மேற்பார்வை, எங்கே தங்கல், எத்தனை கட்டில், எத்தனை கழிப்பறை, பக்கத்து மருத்துவமனைக்கு வண்டியில் எத்தனை நிமிடம். அமைப்பின் பதிவுச் சான்று நகலும் கேளுங்கள். நேபாளத்தில் தொண்டு நிறுவனங்கள் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். வேலை நடக்கும் இடம் அரசுப் பள்ளி என்றால், அந்தப் பகுதியின் பாலிகா (நம் ஊராட்சி, நகராட்சி போன்றது) அல்லது வார்டு அலுவலகத்தின் முத்திரையிட்ட சம்மதக் கடிதமும் வாங்குங்கள். 753 உள்ளாட்சிகள் இருக்கும் நாடு அது, உங்கள் ஊர் எந்தப் பாலிகாவில் வருகிறது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

தேதியில் ஒரு வலை உண்டு. அங்கே அலுவலகக் கடிதங்களில் விக்ரம் சம்வத் ஆண்டு போடுவார்கள். அது நம் ஆண்டைவிட ஏறக்குறைய 57 கூடுதல், மாதங்களும் வேறு. அவர்களுடைய வைசாக மாதம் நம் சித்திரையோடு ஏப்ரல் நடுவில் தொடங்கும். கடிதத்தில் இரண்டு தேதியும் போடச் சொல்லுங்கள். அவர்கள் எழுதிய "20ஆம் தேதி" நீங்கள் நினைக்கும் 20ஆக இருக்காது.

அனாதை இல்லங்களுக்கு மட்டும் போகவே போகாதீர்கள். இதில் நாங்கள் எந்த விதிவிலக்கும் ஏற்க மாட்டோம். நேபாளத்தில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். படிப்பு தருகிறோம் என்று சொல்லி மலைக் கிராமங்களிலிருந்து கூட்டிவந்து, வெளிநாட்டினர் தரும் நன்கொடைக்காகவே அவர்களை வைத்திருக்கும் இல்லங்கள் பல பிடிபட்டிருக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் அதிகம் வரும் மாவட்டங்களில் இவை குவிந்திருப்பது தற்செயல் அல்ல. உங்கள் மாணவி ஒருத்தி பத்து நாள் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுவாள். அடுத்த குழு வரும்வரை அந்தக் குழந்தை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பாடம் நடத்துவதும் பெரும்பாலும் வேண்டாத வேலைதான். 15 வயதுப் பிள்ளை பத்து நாள் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பள்ளியின் பாடத்திட்டம்தான் குலையும். கடைசிப் பீரியடில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசிப்பது, நூலகப் புத்தகங்களுக்கு எண் போட்டுப் பதிவேடு எழுதுவது, வகுப்பறைக்கு வண்ணம் அடிப்பது, கைகழுவும் குழாய் மேடை அமைக்க உதவுவது ஆகியவை பலன் தரும். சுவர் எழுப்பும் வேலை வேண்டாம். அது நிலநடுக்கப் பகுதி. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் குலுங்கிய மண்ணில், பள்ளிக் கட்டடத்தின் செங்கல்லை வைக்க வேண்டியவர் பயிற்சி பெற்ற கொத்தனார்.

2. தேதியைக் குறியுங்கள் (8 மாதம் முன்)

காலாண்டு விடுமுறையில் போகலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நமக்கு ஆயுத பூஜை வரும் அதே நவராத்திரிதான் அங்கே தசைன் பண்டிகை. பள்ளி, அலுவலகம் எல்லாம் மூடி, ஊரே சொந்த கிராமத்துக்குப் பேருந்து ஏறும் நேரம் அது. பூட்டிய பள்ளிக்கூடத்தின் முன் போய் நிற்பீர்கள். தீபாவளியை ஒட்டி அவர்களுக்குத் திகார் பண்டிகை.

அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில் வருகிறது. மலைப் பகுதிப் பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை இருக்கும். காத்மாண்டுவில் இரவில் கடுங்குளிர். டெல்லி வழியாகப் போனால் மூடுபனியில் விமானம் தாமதமாகும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், கண்டிப்பாக வேண்டாம். 2024 ஜூலை 12 அதிகாலை சிமல்தால் என்ற இடத்தில் நிலச்சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளிவிட்டது.

மீதி இருப்பது மே முதல் பாதி. அங்கே புதிய கல்வியாண்டு ஏப்ரல் நடுவில் தொடங்கிச் சேர்க்கை முடிந்து, வகுப்புகள் நடக்கத் தொடங்கியிருக்கும். பிற்பகலில் இடியோடு மழை வரலாம், வெளிவேலையை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை பள்ளி கிடையாது என்பதையும் அட்டவணையில் குறித்துவையுங்கள்.

3. யார் எந்த அட்டையோடு போகலாம் (7 மாதம் முன்)

இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். விசா வேண்டாம் என்றால் அடையாள ஆவணமும் எதுவானாலும் பரவாயில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். விமானத்தில் போகும் இந்தியருக்கு விதி இப்படி:

18 வயது நிறைந்தவர்களுக்கு, அதாவது உங்களுக்கும் உடன் வரும் ஆசிரியர்களுக்கும், செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் தந்த வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். ஆதார் செல்லாது. ஓட்டுநர் உரிமம் செல்லாது. மாணவர் எல்லோரும் சரியான ஆவணத்தோடு நிற்க, ஆதாரை நீட்டிய ஆசிரியர் மட்டும் ஏற முடியாமல் போவதுதான் வழக்கமான விபத்து. அப்புறம் பெண் பிள்ளைகளுக்குத் துணையாக வர வேண்டிய ஆசிரியை இல்லாமல் பயணமே நின்றுபோகும்.

15 முதல் 18 வயது வரை உள்ள மாணவர்கள், அரசு வகுத்த படிவத்தில் பள்ளி முதல்வர் கையெழுத்திட்ட அடையாளச் சான்றோடு போகலாம். பள்ளியின் சாதாரண அடையாள அட்டை இதற்கு ஈடாகாது. 15 வயதுக்குக் கீழே இருந்தால் ஆதார் போதும்.

இவ்வளவு சலுகை இருந்தும் எங்கள் அறிவுரை: எல்லாப் பிள்ளைகளுக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். 14 வயதில் பெயர் கொடுத்த பிள்ளைக்குப் பயணத்துக்கு முந்தைய வாரம் 15 நிறைந்தால் ஆதார் செல்லாமல் போகும். காப்பீட்டுக்கும் அங்கே சிம் வாங்கவும் பாஸ்போர்ட் எண் கேட்பார்கள். வேறு நாட்டு வழியாகத் திரும்ப நேர்ந்தால் பாஸ்போர்ட் இல்லாமல் முடியாது.

கட்டணம்: 18 வயதுக்குக் கீழ் 36 பக்கப் பாஸ்போர்ட் 1,000 ரூபாய். இது ஐந்து ஆண்டு அல்லது 18 வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை. 15 நிறைந்தவர்கள் விரும்பினால் 1,500 ரூபாய் கட்டிப் பத்தாண்டுக்கு வாங்கலாம். 16 வயதுப் பிள்ளைக்கு இதுதான் லாபம், கல்லூரிக்காலம் முழுக்க உதவும். தட்கால் என்றால் மேலே 2,000. பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட 'அனெக்ஸர் டி' உறுதிமொழி வேண்டும். தாய் தந்தையரில் ஒருவரின் கையெழுத்து கிடைக்காத குடும்பம் என்றால் 'அனெக்ஸர் சி'. இப்படிப்பட்ட வீட்டுப் பெற்றோரிடம் மற்றவர் முன்னால் கேட்காமல் தனியாகப் பேசுங்கள், அவர்களுக்குத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும்.

ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளிடமும் வாங்கித் திறந்து பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போக எடுத்தது, பத்தாம் வகுப்பில் காலாவதியாகியிருக்கும்.

அறிவிப்புப் பலகையில் ஒட்டும் முன்னால் இன்னொன்றைக் கவனியுங்கள். உங்கள் வகுப்பில் வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளை இருந்தால் அவருக்கு நேபாள விசா வேண்டும் (வந்திறங்கியதும் வாங்கும் 15 நாள் விசா 30 டாலர்). இந்தியாவுக்குத் திரும்ப நுழையும் அனுமதியும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருந்து படிக்கும் பிள்ளைக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்காது. அந்தப் பிள்ளை ஆசையாகப் பெயர் கொடுத்த பிறகு "நீ வர முடியாது" என்று சொல்லும் நிலையை உண்டாக்காதீர்கள். அப்படி ஒருவர் இருந்தால் அந்த ஆண்டு உள்நாட்டிலேயே ஓர் இடம் பாருங்கள். ஐபி டிப்ளமோ (இன்டர்நேஷனல் பாக்கலோரியட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) பள்ளிகளும் இதைத் தாராளமாகச் செய்யலாம். அதில் வரும் சிஏஎஸ் (படைப்பு, செயல்பாடு, சேவை) பகுதிக்கு வெளிநாட்டுப் பயணம் கட்டாயம் என்று எந்த விதியும் இல்லை.

4. இனிஷியல் தொல்லை

நம் ஊருக்கே உரிய சிக்கல் இது. பள்ளிப் பதிவேட்டில் 'சு. கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் எஸ்', பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் 'சுப்பிரமணியன்', முதற்பெயர்க் கட்டத்தில் 'கார்த்திக்'. சிலருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கும். விமான டிக்கெட்டில் இரண்டு கட்டமும் நிரப்பியாக வேண்டும்.

அதனால் பெயர்ப் பட்டியலை மாணவர்களிடம் எழுதி வாங்காதீர்கள். பயணத்தில் காட்டப்போகும் ஆவணத்தின் ஸ்கேன் படத்தை வைத்து, எழுத்தெழுத்தாக நீங்களே தட்டச்சு செய்யுங்கள், இன்னொரு ஆசிரியர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கட்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவருக்கு அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுவதா, வேறு முறையா என்பதை விமான நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் அந்தத் தாள் பேசும். செலவு குறையும் என்று வளைகுடா வழியாக டிக்கெட் போட நினைத்தால், ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டுகளுக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 நவம்பர் முதல் கட்டுப்பாடு இருப்பதையும் கணக்கில் எடுங்கள்.

குழு டிக்கெட்டில் பெயர்களைப் பின்னால் தர அவகாசம் கிடைக்கும். அந்தக் கெடு முடிந்ததும் ஒரு எழுத்தை மாற்றவும் பணம் கேட்பார்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகே பெயர் கொடுங்கள்.

5. சம்மதமும் அனுமதியும் (5 மாதம் முன்)

பெற்றோர் சம்மதக் கடிதம் முத்திரைத்தாளில், இருவர் கையெழுத்தோடு, நோட்டரி சான்றோடு இருக்கட்டும். அதில் பயணத் தேதி, நாடு, பொறுப்பாசிரியர் பெயர் இருக்க வேண்டும். அவசர சிகிச்சைக்குச் சம்மதம் தரும் அதிகாரம் பொறுப்பாசிரியருக்கு உண்டு என்ற வரி மிக முக்கியம். அந்த வரி இல்லாத கடிதத்தோடு இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனையில் நின்றால், பெற்றோரைத் தொலைபேசியில் பிடிக்கும்வரை கையைப் பிசைந்துகொண்டிருப்பீர்கள்.

மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதியை வாங்குங்கள். மற்ற வாரியப் பள்ளிகள் நிர்வாகக் குழுத் தீர்மானத்தின் நகலைக் கோப்பில் வையுங்கள். 20 பிள்ளைகளுக்கு மூன்று ஆசிரியர் என்பது குறைந்தபட்சம். ஒருவர் மருத்துவமனையில் இருந்தாலும் இருவர் மற்ற பிள்ளைகளோடு இருக்க வேண்டுமே. மாணவிகள் இருந்தால் மூவரில் இருவராவது பெண்கள்.

6. செலவு எவ்வளவு, யார் தலையில்

பிரசுரத்தில் போடும் தொகைக்கும் கடைசியில் கேட்கும் தொகைக்கும் வித்தியாசம் வருவதற்கு ஆசிரியர் செலவை மறப்பதுதான் காரணம். கணக்கை இப்படிப் போடுங்கள். தலைக்கு 60,000 ஆகும் என்று வைத்துக்கொண்டால், 23 பேருக்கு 13,80,000. அதை 20 மாணவர்களால் வகுத்தால் 69,000. எதிர்பாராச் செலவுக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் 75,900. பெற்றோரிடம் இந்தத் தொகையைச் சொல்லுங்கள், மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். 60,000 என்று சொல்லிவிட்டு ஏப்ரலில் இன்னும் பதினைந்தாயிரம் கேட்டால், கடன் வாங்கித் தயாரான குடும்பம்தான் முதலில் விலகும்.

பத்து விழுக்காடு ஏன்? 2025 செப்டம்பர் போராட்டத்தின்போது காத்மாண்டு திரிபுவன் விமான நிலையமே மூடப்பட்டது. இரண்டு நாள் கூடுதலாகத் தங்க, 23 பேருக்குச் சாப்பாடும் அறையும் வேண்டும். அந்தப் பணம் கையில் இருக்கட்டும்.

இந்திய ஏஜென்சி மூலம் பேக்கேஜாக வாங்கினால் ஜிஎஸ்டியோடு டிசிஎஸ் வரியும் (விற்பவரே முன்கூட்டி வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். யாருடைய பான் எண்ணைக் கொடுக்கிறீர்களோ அவர்தான் அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெற முடியும். பள்ளி பெயரில் ஒரே பில் போட்டால் பெற்றோருக்கு அது கிடைக்காது. முதலிலேயே பேசிவிடுங்கள்.

பள்ளியை அறக்கட்டளை நடத்துகிறது என்றால், அதன் நிதியை நேபாளத்தில் நன்கொடையாகக் கொடுப்பதற்கு முன்னால் ஆடிட்டரிடம் கேளுங்கள். இந்தியாவுக்கு வெளியே செலவிடும் அறக்கட்டளைப் பணத்துக்கு வருமான வரி விலக்கு இயல்பாகக் கிடைக்காது.

7. பணத்தை எப்படிக் கொண்டுபோவது

வெளிநாடு என்றதும் வங்கிகள் ஃபாரெக்ஸ் கார்டை (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் அட்டை) தூக்கிக் கொடுக்கும். இந்தியாவில் தரும் ஃபாரெக்ஸ் கார்டு நேபாளத்திலும் பூட்டானிலும் வேலை செய்யாது. அந்த நாடுகளுக்குப் பயணம் போக அந்நியச் செலாவணி வாங்கவும் விதி இடம் தரவில்லை. இந்திய ரூபாயைத்தான் கொண்டுபோக வேண்டும்.

நூறு இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், 1993 முதல் மாறாத விகிதம். கடைக்காரர் விலை சொன்னதும் "ஐசியா, என்சியா?" என்று கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். ஐசி என்றால் இந்தியப் பணம், என்சி என்றால் நேபாளப் பணம். கேட்காமல் கொடுத்தால் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். 200, 500 ரூபாய்த் தாள்கள் பற்றிய விதி அவ்வப்போது மாறுகிறது, புறப்படும் வாரத்தில் ஒருமுறை பாருங்கள். நூறு ரூபாய்க் கட்டுகள் எப்போதும் சிக்கல் தருவதில்லை. வங்கியில் பத்து நாள் முன்னதாகச் சொல்லி வைத்தால்தான் கிடைக்கும்.

2024 மார்ச் முதல் ஃபோன்பே கியூஆர் உள்ள கடைகளில் நம் யுபிஐ வேலை செய்கிறது. இந்தப் பெயரில் இருப்பது நேபாள நிறுவனம், நம் ஊர்ச் செயலி அல்ல. நகரத்தில் உதவும், மலைக் கிராமத்தில் நம்பி இருக்காதீர்கள்.

8. உடம்பு, மருந்து, காப்பீடு (3 மாதம் முன்)

டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ் ஊசிகள் பாக்கி இருக்கிறதா என்று குடும்ப மருத்துவரிடம் எழுதி வாங்கச் சொல்லுங்கள். தெருநாய்கள் உள்ள ஊர் என்பதால் வெறிநாய்க்கடி முன்தடுப்பு பற்றியும், தராய் சமவெளிக்குப் போவதானால் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும் கேட்கட்டும்.

வீட்டில் இருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டும்தான். தனிப் பயணக் காப்பீடு எடுங்கள். மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள்: நேபாளம் சேர்ந்திருக்கிறதா, ஹெலிகாப்டர் மீட்புக்குப் பணம் உண்டா, எத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் செல்லாது. 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் தொடங்கும். காத்மாண்டு ஏறக்குறைய 1,400 மீட்டர், பொக்ரா அதைவிடத் தாழ்வு. 2,000 மீட்டருக்குக் கீழேயே வேலையை வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை.

ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு உள்ள பிள்ளைக்கு அந்தக் குறிப்பை நேபாளியில் எழுதிய அட்டை ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும். வரவேற்கும் அமைப்பே எழுதித் தரும்.

9. புறப்படும் முன் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

சாப்பாட்டு நேரம் முதலில். கிராமத்து வீடுகளில் காலை ஒன்பது பத்து மணிக்குப் பருப்பும் சோறும், மறுபடி இரவு ஏழு எட்டுக்கு அதே. இடையில் தேநீர்தான். எட்டு மணிக்கு இட்லி, ஒரு மணிக்குச் சோறு என்று பழகிய வயிறு இரண்டாம் நாளே சோர்ந்துவிடும். மதியத்துக்கு அவல், வாழைப்பழம், பிஸ்கட் என்று முன்கூட்டியே ஏற்பாடு செய்து அதற்கான பணத்தையும் கொடுத்துவிடுங்கள்.

எச்சில் பார்ப்பது அங்கும் உண்டு, 'ஜூட்டோ' என்பார்கள். ஒருவர் வாய்வைத்த தண்ணீர்ப் பாட்டிலை இன்னொருவரிடம் நீட்டாதீர்கள். அழைக்காமல் அடுக்களைக்குள் போகக்கூடாது. சில வீடுகளில் மாதவிலக்கு நாட்களில் அடுக்களைக்கும் பூஜையறைக்கும் விலக்கு வைப்பார்கள். மாணவிகளிடம் ஆசிரியை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். பயன்படுத்திய நாப்கினை எங்கே போடுவது என்பதை வீட்டுக்காரப் பெண்மணியிடம் முதல் நாளே கேட்டுவைப்பதும் அவர் பொறுப்பு. தெரியாமல் தவிக்கும் பிள்ளை யாரிடமும் சொல்லாது.

பெரியவர்களை 'தாய்' (அண்ணன்), 'தீதி' (அக்கா) என்று கூப்பிடலாம். நம் அம்மாவையா கூப்பிடுகிறோம் என்று முதல் நாள் சிரிப்பார்கள், பிறகு பழகிவிடும். இந்தி தெரியாத பிள்ளைகள் தேவநாகரி எண்கள் பத்தையும் எழுதிப் பழகட்டும், பேருந்து எண்ணும் விலையும் அதில்தான் இருக்கும். கைக்கடிகாரத்தை 15 நிமிடம் முன்னே தள்ளி வைக்க வேண்டும், நேபாள நேரம் நம்மைவிட அவ்வளவு முந்தியது.

அந்த ஊர்ப் பிள்ளைகளின் முகம் தெரியும் படம் எதையும் பதிவிடக்கூடாது. பள்ளியின் முகநூல் பக்கத்துக்கும் இதே விதி.

10. வேலை நாள்: ஒரு வகுப்பறைக்கு வண்ணம் அடிப்பது

பொதுவாகக் கிடைக்கும் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாக. 6 மீட்டருக்கு 5 மீட்டர் அறை, 3 மீட்டர் உயரம். சுவரின் சுற்றளவு 22, பரப்பு 66 சதுர மீட்டர். கதவு ஜன்னலுக்குப் பத்து கழித்தால் 56. ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் வரும். இரண்டு பூச்சுக்கு 11 லிட்டர், பிரைமர் 6 லிட்டர். சொரசொரப்பான சுவர் என்றால் கால் பங்கு கூடுதல். இவற்றை இங்கிருந்து சுமக்காதீர்கள், அந்த ஊர்க் கடையில் வாங்குங்கள். வாங்கும்போது ஈயம் 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நேபாளத்திலும் அதுதான் வரம்பு.

பாதி நேரம் சுரண்டுவதிலேயே போகும், அதைக் குறைக்கவும் முடியாது. பழைய சுண்ணாம்புப் பூச்சு பொடியாக உதிரும் நிலையில் அதன்மேல் எமல்ஷன் அடித்தால், அடுத்த மழையில் அப்பளம்போல உரிந்து விழும். உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கை வெளுத்தால் இன்னும் சுரண்ட வேண்டும். பழைய எண்ணெய்ப் பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம், காய்ந்த சுவரைச் சுரண்டி அந்தத் தூசியைப் பிள்ளைகள் மூச்சில் இழுக்க விடாதீர்கள். அந்தச் சுவரை நனைத்து, முகக்கவசத்தோடு பெரியவர்கள் செய்யட்டும்.

ஓர் அறைக்கு ஆறு மாணவர்கள், ஒரு மேஸ்திரி, மூன்று நாள். முதல் நாள் சுரண்டிக் கழுவிக் காயவிடுவது, இரண்டாம் நாள் பிரைமர், மூன்றாம் நாள் காலை ஒரு பூச்சு, பிற்பகல் ஒரு பூச்சு. ஏணியில் மேஸ்திரி மட்டும் ஏறட்டும். பத்து நாளில் நான்கு அறை அடிக்கத் திட்டம் போட்டு அரைகுறையாக விட்டு வருவதைவிட இரண்டு அறையை ஒழுங்காக முடிப்பது மேல். பாதியில் விட்ட அறையில் அந்தப் பிள்ளைகள் ஒரு வருடம் உட்கார்ந்து படிப்பார்கள்.

11. சாலையும் அவசரமும்

காத்மாண்டுவிலிருந்து பொக்ரா 200 கிலோமீட்டர்தான், ஆனால் முழு நாள் பயணம். காலை ஆறரைக்குக் கிளம்பி இருட்டுவதற்குள் சேர்ந்துவிட வேண்டும். இரவுப் பயணம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், ஏஜென்சி எவ்வளவு வற்புறுத்தினாலும்.

போலீஸ் 100, ஆம்புலன்ஸ் 102, சுற்றுலாப் போலீஸ் 1144, குழந்தைகள் உதவி எண் 1098. இந்தியத் தூதரகம் காத்மாண்டுவில் லைன்சவுரில் இருக்கிறது. புறப்படும் முன்னரே குழுப் பட்டியலையும் தங்குமிட முகவரியையும் தூதரகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். வந்திறங்கியதும் ஆசிரியர்கள் மூவரும் உள்ளூர் சிம் வாங்குங்கள், ஒருவர் என்செல், இன்னொருவர் நேபாள் டெலிகாம் என்று பிரித்து. மலையில் ஒன்று எடுக்காத இடத்தில் மற்றது எடுக்கும். ஆவண நகல்களை மூன்று செட் போட்டு மூன்று ஆசிரியர் பைகளில் தனித்தனியாக வையுங்கள்.

தினமும் இரவு எட்டு மணிக்குப் பெற்றோர் குழுவில் ஒரே ஒரு செய்தி: எங்கே இருக்கிறோம், எல்லோரும் நலமா, நாளை என்ன. ஒரு நாள் தவறினாலும் இருபது வீட்டிலிருந்தும் அழைப்பு வரும்.

12. திரும்பிய பிறகு

பதினைந்து நாளுக்குள் வரவு செலவுக் கணக்கைப் பில் நகலோடு பெற்றோருக்கு அனுப்பி, மிச்சத்தைத் திருப்பிக் கொடுங்கள். வீடு திரும்பிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால், நேபாளம் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்லும்படி பெற்றோருக்கு எழுதுங்கள்.

வரவேற்ற பள்ளிக்கு மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் போடுங்கள். வண்ணம் நிற்கிறதா, நூலகப் பதிவேட்டை யாராவது எழுதுகிறார்களா, நாங்கள் வந்ததில் உங்களுக்கு எது இடைஞ்சலாக இருந்தது என்று மூன்றே கேள்விகள். மரியாதைக்காக முதல் பதிலில் "எல்லாம் நன்றாக இருந்தது" என்றுதான் எழுதுவார்கள். மூன்றாம் கேள்வியை மட்டும் தனியாக மறுபடி கேளுங்கள். அந்தப் பதிலோடு அடுத்த ஆண்டுக் கோப்பைத் திறக்கலாம்.